தாம்பரம் வகையறா

நவீன்,

நீ அனுப்பிய அழைப்பிதழ் நேற்றுக் காலை வந்தது. ஸ்கூல் ஆபீசில் அட்மிஷன் ஃபாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், போன் அதிர்ந்தது. பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. மேலே உன் பெயர், அதற்குக் கீழே 'பச்சை' என்று கண்காட்சியின் பெயர், இன்னும் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. ஏழு தலைமுறையாகத் தன் குடும்பம் வணங்கிவரும் பச்சையம்மனின் நிறத்தில், தான் பார்த்திராத மூதாதையரைத் தேடுகிறார் இந்த இளம் ஓவியர் என்று. கடைசி வரியில், விளக்கேற்றித் தொடங்கிவைப்பவர் என்று என் பெயர். விரலால் பெரிதாக்கிப் படித்தேன். பக்கத்து மேஜை கலா மேடம் எட்டிப் பார்த்து, "என்னங்க, பையன் பெரிய ஆளாயிட்டான் போல?" என்றார். "ஆமாங்க" என்றேன். பிறகு ஃபாரங்களை விட்ட இடத்திலிருந்து எடுத்து அடுக்கினேன்.

சாயங்காலம் நீ போன் செய்து "பாத்தியாம்மா?" என்றாய். "நல்லா இருக்குப்பா" என்றேன். "எல்லாத்துக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு. இது என்ன சாம்பாராம்மா?" என்றாய். உன் கோபம் நியாயம்தான். அப்பா போன இந்த இரண்டு வருஷமாக எனக்கு எதுவும் உள்ளே போய்ச் சேருவதில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் உதடு இருக்குமே, தொட்டால் தொட்டது தெரியும், ஆனால் அது யாருடைய உதடோ போல இருக்கும். அப்படி. போனில் பேசினால் மறுபடியும் நல்லா இருக்கு என்றுதான் என் வாயில் வரும். அதனால்தான் எழுதுகிறேன். இன்று புதன். கண்காட்சி தொடங்கும் சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது. அந்தக் குறிப்பில் உன் குடும்பத்தைப் பற்றி எழுதியிருப்பது எதுவும் உண்மை இல்லை. நான் சொன்னதை நம்பித்தான் நீ எழுதிக் கொடுத்தாய். அதைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் அப்பாவை நான் முதலில் பார்த்தது மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். அது உனக்குத் தெரியும். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவரிடம், டி. ராஜன் என்று இருக்கிறதே, டி என்றால் என்ன என்று கேட்டேன். "டிக்கெட்" என்றார். "டிக்கெட் இல்லாம வந்து இறங்கினேன், அதனால வெச்சுட்டாங்க." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் அது பாதி உண்மை என்று தெரிந்தது. மூன்று வயதோ என்னவோ, தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தனியாக நின்றிருந்த பிள்ளை அவர். யாரோ போலீசில் ஒப்படைத்து, அங்கிருந்து ஒரு ஹோமில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் கேட்டபோது ராஜா என்று சொன்னாராம், அதை ராஜன் ஆக்கியிருக்கிறார்கள். அப்பா பெயர் சொல்லத் தெரியவில்லை. இனிஷியல் இல்லாமல் ஸ்கூலில் சேர்க்க முடியாது என்று ஹோம் வார்டன் தாம்பரத்துக்கு டி போட்டுவிட்டார். உன் தாத்தா பெயர் தங்கவேல் இல்லை. உன் தாத்தா பெயர் யாருக்கும் தெரியாது.

கூடுவாஞ்சேரியில் என் பிறந்த வீட்டோடு நமக்கு ஏன் போக்குவரத்து இல்லை என்று நீ சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். நடந்தது இவ்வளவுதான். என் அப்பா "பையன் என்ன ஆளுங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாதுன்னா?" "அவருக்கே தெரியாதுப்பா." என் அப்பா பேப்பரை மடித்து வைத்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. "தெரிஞ்சு, வேற ஆளுங்களா இருந்தாக்கூட ஒரு வழி பண்ணலாம். ஒண்ணுமே தெரியாதவனை நான் என்னன்னு சொல்லி உள்ள கூப்பிடறது?" என்றார். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதே கேள்விக்காகக் குரோம்பேட்டையில் ஒரு வீடும் கோவிலம்பாக்கத்தில் ஒரு வீடும் எங்களுக்குக் கைவிட்டுப் போயின. கோவிலம்பாக்கத்தில் அட்வான்ஸ் பேசி, பால் காய்ச்ச நாளும் பார்த்தாயிற்று. அப்புறம்தான் அந்த வீட்டம்மா சாவகாசமாக அந்தக் கேள்வியைக் கேட்டார். நீ அப்போது என் வயிற்றில் ஆறு மாதம்.

சேலையூரில் மாடி போர்ஷன் கிடைத்தபோது ஹவுஸ் ஓனர் அக்கா எதுவும் கேட்கவில்லை. வெகுளி, நல்ல மாதிரி. உனக்குப் பத்து மாதம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் கீழே அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்று, "கொயந்தைக்கு எப்போ மொட்ட? குலதெய்வம் கோயில்லதானே? உங்க வூட்டுக்காரருக்கு குலதெய்வம் எது?" என்றார். தெரியாதுக்கா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குலதெய்வம் தெரியாத வீடு என்று ஒன்று கிடையாது. அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது ஒரு பிளாஸ்டிக் பக்கெட். பச்சை பக்கெட். "பச்சையம்மன்" என்றேன்.

"எந்த ஊர் பச்சையம்மன்?" முந்தின நாள் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் உன் அப்பாவை வழியனுப்பும்போது பார்த்த போர்டு ஞாபகம் வந்தது. "வந்தவாசிப் பக்கம்" என்றேன். அக்கா டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். "அடிப்பாவி! என் தங்கச்சிய அந்தப் பக்கம்தானே குட்த்துக்கீது? இத்தினி நாளா வாயத் தொறக்கவே இல்ல பாரேன்!" அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை வீட்டுக்காரர் வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் செய்த தப்பு இப்படித்தான் பஸ் ஏறியது.

பஸ்ஸில் உன் அப்பா காதோரம் குனிந்து, "யாரு இந்தப் பச்சையம்மன்?" என்று கேட்டார். "பக்கெட்டு" என்றேன். முழுக்கச் சொன்னதும், கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "நல்லவேளை, அன்னிக்குக் குடத்தை எடுத்துட்டுப் போகாம இருந்தியே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கோயிலுக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. மரத்தடியில் பெரிய பெரிய சுதைச் சிலைகள், பெரிய கண், கையில் கத்தி. உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பூசாரி நோட்டைப் பிரித்து, "நீங்க எந்த வகையறா?" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஓனர் அக்காவின் தங்கை வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். "தாம்பரம் வகையறா" என்றார் உன் அப்பா. பூசாரி எழுதிக்கொண்டே, "ரொம்ப காலமா வரலியே நீங்க?" என்றார். "வழி தெரியல சாமி." "இப்போ தெரிஞ்சிடுச்சு இல்ல? இனிமே வருஷா வருஷம் வந்துருங்க." உன் தலையில் தண்ணீர் தெளித்தார்கள், நீ அழுதாய், கத்தி பட்டதும் அழுகை நின்றுவிட்டது. நிறைய பேர் மாறி மாறி உன்னை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் வகுப்பில் உனக்குக் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். நீ சார்ட்டைத் தரையில் விரித்து, "அப்பாவோட டி-ன்னா என்னம்மா?" என்று கேட்டாய். உன் அப்பா அங்கேதான் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் தங்கவேல் என்றேன். அவர் பாலிஷ் போட்ட ஷூவுக்கே திரும்பவும் பாலிஷ் போட்டார். நீ ஸ்கூலுக்குப் போன பிறகு, "பசங்க கேலி பண்ணுவாங்க. அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அந்த அப்புறம் பத்தாம் வகுப்புக்குப் போயிற்று, பிறகு ஓவியக் கல்லூரிக்கு. நீ ஆர்ட்ஸ் படிக்கப் போகிறேன் என்றபோது, "நவீன்னு பேரு வெச்சோம் இல்ல, அதான் நவீன ஓவியம் வரையறான். முருகன்னு வெச்சிருந்தா இந்நேரம் எனக்கு ஒரு மயிலாவது புரியற மாதிரி வரைஞ்சிருப்பான்" என்றார். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் உன்னுடைய முதல் படத்தை, வெறும் காவிநிறக் கட்டங்களாக இருந்ததே அதை, பீரோ கதவின் உள்பக்கம் அவர்தான் ஒட்டிவைத்தார். சட்டை எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொள்வார். அப்புறம் ஒரு நாள் கேம்ப் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். சொல்வதாக இருந்தது சொல்லாமலே முடிந்தது.

பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றி எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. கஷ்டம் என்ற சொல்கூடச் சரியில்லை. அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. பதினோராம் நாளே வேலைக்குப் போய்விட்டேன், அட்மிஷன் நேரம். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஐந்து நாள் ஃபாரங்களில் இருந்து பெயர்களை ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டே இருந்தேன். காரியத்தன்று ஐயர் உன் கையில் தர்ப்பையைக் கொடுத்துவிட்டு, "அவருக்கு மேல மூணு தலைமுறை பேரு சொல்லுங்கம்மா" என்றார். தங்கவேல் என்றேன். "அவருக்கு அப்பா?" நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ரங்கநாதன் என்றேன். "அவருக்கு அப்பா?" சின்னசாமி என்றேன். முந்தின நாள் நான் எழுதிய இரண்டு எல்.கே.ஜி. பிள்ளைகளுடைய அப்பாக்கள் அவர்கள். நீ மூன்று பெயரையும் சொல்லிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டாய். இரண்டு பேரும் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள், நவீன். ரங்கநாதன் தினமும் காலையில் பைக்கில் வந்து கேட்டில் பெண்ணை இறக்கிவிட்டுப் போகிறார். ஹெல்மெட்டைத் தூக்கி எனக்கு வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன்.

நான் நினைத்தது, அன்றோடு அது போய்விடும் என்று. நீ அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டாய். எனக்கு இருக்கிற பூர்வீகம் இவ்வளவுதான், இதிலிருந்துதான் தொடங்கணும் என்று சொன்னாய். போன ஆடியில் நீயே தனியாக வந்தவாசி பஸ் ஏறிப் போனாய். திரும்பி வந்து ஹாலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, அப்பா வருஷா வருஷம் அங்க போயிருக்காரும்மா! பூசாரி நோட்டைக் காட்டினாரு. தாம்பரம் வகையறான்னு போட்டு ஒவ்வொரு வருஷமும் கையெழுத்து. உனக்குத் தெரியுமா?" என்றாய். "ம்" என்றேன். எனக்குத் தெரியாது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் ஒரு ஃபிரெண்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவார். இருபது வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிருக்கிறார். வரும்போது கொய்யாப்பழம் வாங்கி வருவார். நீ அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டாய். எத்தனை தலைமுறையாம்மா என்று கேட்டாய். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏழு இருக்கும் என்றேன். அந்த ஏழுதான் இப்போது அழைப்பிதழில் இருக்கிறது.

அவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கெட்டைப் பார்த்து வந்த அம்மன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அங்கே போய் என்ன வேண்டிக்கொண்டார், பொங்கல் வைத்தாரா, சும்மா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தாரா, எதுவும் தெரியாது. எதையாவது சொன்னால் உனக்கு நன்றாக இருக்கும். ஆனால் நான் இதுவரை சொன்னதே போதும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஊரப்பாக்கத்தில் நீ தங்கி வேலை செய்கிற அந்த மாடிக்கு என்னைக் கூட்டிப்போனாய். சுவர் முழுக்கப் பச்சை. முகம் இல்லை, மரம் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. பூசிப் பூசி, அது காய்ந்ததும் தகட்டால் சுரண்டி, மறுபடி பூசியிருந்தாய். பெரிய படம் மூன்றையும் தனியாக வைத்திருந்தாய். "இது தங்கவேல். இது சின்னசாமி. இந்த ரங்கநாதன் கொள்ளுத்தாத்தாதாம்மா ரொம்ப நாள் வரவே மாட்டேன்னுட்டாரு. நாலு தடவை சுரண்டி எடுத்தேன்" என்றாய். நான் ஹெல்மெட்டை நினைத்துக்கொண்டு நின்றேன். சின்னசாமி படத்தின் அடியில், சுரண்டின இடத்தில், ஒரு பச்சை தெரிந்தது. பளீரென்று, பிளாஸ்டிக் மாதிரி. அடிபம்பு, தண்ணீர், ஓனர் அக்காவின் கோலப்பொடி டப்பா, எல்லாம் அப்படியே அங்கே இருந்தது. சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். அழுகை வரும் என்றும் காத்திருந்தேன். நீ "பிடிச்சிருக்கா?" என்றாய். நல்லா இருக்குப்பா என்றேன்.

பெற்றவள் என்ற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். யாராவது எதையாவது கேட்டால் கையில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடாதே. வாசலில் நிற்கிறவரைக் கொஞ்சம் நிற்கவிடு. எனக்குப் பயம். வீடு போய்விடும், உன்னை ஸ்கூலில் கேட்பார்கள், காரியத்தில் நாலு பேர் முன்னால் ஐயர் கையை நிறுத்திவிடுவார் என்று. பயத்துக்கு அவ்வப்போது ஒரு பெயரைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தெரியாது என்று உன் அப்பாவுக்காகவாவது நான் சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்லாமல் அவர் வாயையும் அடைத்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் ஒருவேளை சொல்லியிருப்பார். தாம்பரம் வகையறா என்று பூசாரியிடம் சொன்னவர்தானே. அன்று அந்தக் கோயிலில் பொய் சொல்லாதவர் அவர் ஒருத்தர்தான்.

குறிப்பை மாற்றுவதா, அப்படியே விடுவதா என்பது உன் இஷ்டம். இதற்காக நீ இரண்டு வருஷம் உழைத்திருக்கிறாய். அந்த கேலரி மேடம் என்ன சொல்வார், பேப்பர்காரர்கள் என்ன எழுதுவார்கள், அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். படங்கள் கெட்டுப்போய்விட்டன என்று நான் நினைக்கவில்லை, ஆனால் எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. என்னால் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. ஏழு தலைமுறை என்று எழுதிய சுவருக்கு முன்னால் நின்று நான் விளக்கேற்ற மாட்டேன். அது அப்படியே இருந்தால் வேறு யாரையாவது ஏற்றச் சொல். நான் வருவேன், கடைசியில் நிற்பேன், யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். மாற்றினால் ஏற்றுகிறேன். எது எப்படியானாலும் அந்த ரங்கநாதன் பெயரை மட்டும் எடுத்துவிடு. பாவம், அவருடைய பெண் இப்போது ஒண்ணாவது படிக்கிறது. என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வரும் என்று தெரியவில்லை. வந்து கத்தினாலும் கேட்டுக்கொள்வேன்.

நாளைக் காலை டிரெயினில் வந்து இதை உன் கதவிடுக்கில் போட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவேன். கூட ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், உன் அப்பாவுடைய ஸ்கூல் சர்டிபிகேட். எங்கள் ஆபீசில் ஃபாரத்தில் எந்தக் கட்டமாவது காலியாக இருந்தால் அதில் ஒரு கோடு போட்டுவிடுவோம், பின்னால் யாரும் எதையும் எழுதிச் சேர்க்கக் கூடாது என்று. இருபது வருஷமாகத் தினமும் போடுகிறேன். இதிலும் யாரோ ஒரு கிளார்க், தந்தை பெயர் என்ற இடத்தில், ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறார். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பணம் கட்டப் போன அன்று உன் அப்பா இதை என்னிடம் பிரித்துக் காட்டினார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, "எங்கப்பா. எவ்ளோ நிம்மதியா படுத்துகினு இருக்காரு, பாரு" என்றார். இவரையே கட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன், கோடு சரியாக விழவில்லை. அதனால் ஒரிஜினலையே வைத்திருக்கிறேன். உன் தாத்தாவுக்கு நம்மிடம் இருக்கிற படம் இது ஒன்றுதான். நீல மை. மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது, பிரிக்கும்போது பார்த்துப் பிரி.

அம்மா